மறுபடியும் போய்ப் பார்த்தல்

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பொழுது விடியுமுன் பெரட்டு எடுப்பார்கள். பெயர் கூப்பிடும்போது ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால், வெயில் ஏறுவதற்குள் லயம் முழுக்கச் செய்தி போய்விடும். காய்ச்சலா, குடித்துவிட்டுக் கிடக்கிறாரா, வீட்டில் சண்டையா என்று யாராவது ஒருவர் வாசலில் நின்று கேட்பார். பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு இது தனியாகச் செய்யவேண்டிய வேலையாகவே தோன்றியிருக்காது. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த கதவுகள், பொதுத் தண்ணீர்க் குழாய், பொது ஆயாக்கொட்டகை. ஒருவருடைய அழுகை அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று புஞ்சாக் ஆலாம் போன்ற ஊர்களில் குடியிருக்கிறார்கள். புக்கிட் செராக்கா வட்டாரத்தில் செம்பனைக்கு நடுவே எழுந்த நகரம் இது. வரிசை வீடுகள், அடுக்குமாடிகள், யூஐடிஎம் பல்கலைக்கழக வளாகம், பக்கத்திலேயே 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை. காலையில் ஷா ஆலத்துக்கும் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். இங்கே ஒருவர் மூன்று நாள் கதவைத் திறக்காவிட்டாலும், கார் வாசலில் நிற்கிறது, ஆள் ஓய்வெடுக்கிறார் என்றுதான் அண்டை வீட்டார் நினைப்பார்கள். பெரட்டு எடுக்க ஆளில்லை. அந்த வேலையை இப்போது நண்பர்தான் செய்யவேண்டியிருக்கிறது, அதுவும் தானாகத் தீர்மானித்து.

மனம் உடைந்து கிடக்கும் ஒருவருக்கு நண்பர் என்ற முறையில் என்னதான் செய்ய முடியும்? மருத்துவர் செய்வது வேறு, குடும்பம் செய்வது வேறு. இரண்டுக்கும் இடையில் நிற்பவர் நண்பர். அவரால் ஆகக்கூடியது என்னவென்று ஆராய்ச்சிகளும் சட்டமும் நம் வட்டார வாழ்க்கையும் சொல்வதைச் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

லயத்தைப் பொற்காலமாக எழுத எனக்கு மனமில்லை. கேமரன் மலையில் நடந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் ஆராய்ந்து மனநல மருத்துவர் டி. மணியம் 1988இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கோடு ஒப்பிட்டால், தற்கொலைகளில் அவர்களின் பங்கு மிக அதிகம் என்பது அதில் தெரிந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. தேசியத் தற்கொலைப் பதிவேட்டில் 2009ஆம் ஆண்டுக்குப் பதிவான 328 மரணங்களின்படி, நாட்டின் சராசரி ஒரு லட்சம் பேருக்கு 1.18 என்றால் இந்தியர்களுக்கு அது 3.67. சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த மக்களிடம்தான் இந்தக் கணக்கு. அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள், புத்தி சொன்னார்கள், பூசாரியிடம் கூட்டிப் போனார்கள், கிணற்றடியில் கூடிப் பேசினார்கள். ஆக, நெருக்கம் மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடாது. என்ன வகையான நெருக்கம் என்பதே கேள்வி.

இன்றைய அளவு என்ன? தேசிய சுகாதார, நோய்ப்பரவல் ஆய்வின்படி 2019இல் நாட்டின் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறையப் பத்து லட்சம் பேர். பதின்ம வயதினரிடையே 2022இல் எடுத்த கணக்கில், பத்தில் ஒரு பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லியிருக்கிறது. காவல்துறை பதிவுசெய்த தற்கொலைகள் 2020இல் 631. பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டான 2021இல் 1,142. அந்த ஆண்டின் நடுவில்தான் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் பரவியது. கேட்கக் கூச்சமாக இருந்தால் கொடியைக் கட்டு, நாங்கள் வருகிறோம் என்றது அது. அரிசியும் முட்டையும் பால்மாவும் வாசல்களுக்கு வந்து சேர்ந்தன, இனம் பார்க்காமல். பசிக்கு அப்படி ஒரு கொடியை இந்த நாடு கண்டுபிடித்தது எனக்கு இன்றும் பெருமை. மனம் நொந்தவர் கட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. அவர் கொடி கட்டுவதற்குப் பதிலாக வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுகிறார். வாரந்தோறும் வந்த பூட்சால் ஆட்டத்துக்கு வராமல் போகிறார். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கிளம்பிவிடுகிறார்.

நம்மவர்கள் மனசைப் பற்றி நேராகச் சொல்வதும் குறைவு. உடம்பைச் சொல்வார்கள். "நெஞ்சு படபடன்னு இருக்கு", "தலை கனமா இருக்கு", "சோறு எறங்கல", "விடிய விடியத் தூக்கமில்ல". இந்தப் பேச்சு இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டு, வேலையையும் வீட்டையும் பாதிக்கத் தொடங்கினால் அதை வெறும் அசதி என்று தள்ளக் கூடாது. பெண்கள் உடம்பு வலியாகச் சொல்வதை ஆண்கள் பெரும்பாலும் கோபமாகவும் குடியாகவும் வெளிக்காட்டுவார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையும் மலிவு விலைச் சம்சுவும் எத்தனை குடும்பங்களைக் கரைத்தன என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். குடிகாரன் என்று பெயரெடுத்த பலர் உண்மையில் சிகிச்சை பெறாத மனச்சோர்வோடு இருந்தவர்கள் என்பதை மட்டும் நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நண்பர் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறார் என்றால், கூட உட்கார்ந்து ஊற்றிக்கொடுப்பது துணையாகாது. குடி மனச்சோர்வை ஆழமாக்கும். தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் சக்தியையும் பறித்துவிடும்.

சரி, நண்பர் என்ன செய்ய முடியும்? இதற்குக் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான விடைகளில் ஒன்றில் தமிழ் மண்ணுக்கும் பங்கிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், அவற்றோடு சென்னை, கொழும்பு. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 1,867 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு, வீடு திரும்பும் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அதன் பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள். பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். முடிவு 2008இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர்.

இதில் எந்த மருந்தும் கூடுதலாகக் கொடுக்கப்படவில்லை. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்ற கேள்விதான் ஒன்பது முறையும். பிற்பாடு வேறு நாடுகளில் செய்த இத்தகைய ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவை காட்டும் திசை பெரும்பாலும் ஒன்றுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்ட 843 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் அவ்வப்போது சிறு கடிதங்கள் அனுப்பிவந்தார். நான்கு வரி நலம் விசாரிப்பு, பதில் போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், தற்கொலைகள் குறைவாக இருந்தன. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இலேயே இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியிருந்தார்கள்: எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஒருவர் இருந்தாலும், வாழ்க்கையின் அடிகள் மனச்சோர்வாக மாறும் வாய்ப்பு குறைகிறது.

படித்த மருத்துவர்தான் கேட்கவேண்டும் என்பதும் இல்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006 முதல் கிளினிக் வாசலில் பெஞ்சு போட்டு, பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்காரவைத்தார். 573 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு நல்ல முன்னேற்றம். கோவாவில் விக்ரம் பட்டேலும் சங்கத் அமைப்பினரும் மருத்துவம் படிக்காத உள்ளூர்வாசிகளைப் பயிற்றுவித்து, மனச்சோர்வு உள்ளவர்களை மீண்டும் அன்றாடக் காரியங்களில் இறக்கிவிடும் முறையைச் செய்துபார்த்தார்கள். 2017இல் லான்செட்டில் வெளியான அந்த ஆய்வும் பலன் இருப்பதைக் காட்டியது. குளிப்பது, நடப்பது, சந்தைக்குப் போவது, யாரையாவது பார்ப்பது: மனம் சரியான பிறகு இவற்றைச் செய்யலாம் என்று காத்திருக்காமல், இவற்றைச் செய்யச் செய்ய மனம் தேறுகிறது என்பதே அந்த முறையின் அடிப்படை.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். நண்பருடைய முதல் வேலை மறுபடியும் போவது. முதல் தடவை எல்லாரும் போவார்கள். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நான்கைந்து பேராகப் போய், ஒரு மணி நேரம் புத்திமதி சொல்லிவிட்டு வருவார்கள். நான்காம் வாரம், ஏழாம் வாரம், நான்காம் மாதம் யார் போகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. போகும்போது பெரிய பேச்சு வேண்டாம். "டேய், பசார் மாலாம் போறேன், மோட்டார்ல ஏறு, பேசணும்னு இல்ல, சும்மா வா" என்பது நல்ல அழைப்பு. அவர் வரமாட்டேன் என்றால், "சரிடா, அடுத்த வாரமும் வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் உண்மையிலேயே போய்க் கேட்கவேண்டும். செய்திக்குப் பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஒரு வரி பதில் எழுதுவதும் பாறாங்கல் புரட்டுவதுபோல.

என்ன சொல்லக்கூடாது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு பட்டியலே உண்டு. "உனக்கு என்ன கொற?" "ஒங்க தாத்தா காலத்துல படாத கஷ்டமா?" "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிரும்." "பிள்ளைங்க முகத்தப் பாத்தாவது மனசத் தேத்திக்க." சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவருக்கு அது, நீ இப்படி இருப்பது உன் குற்றம் என்றுதான் விழுகிறது. குறிப்பாகத் தாத்தா காலத்து ஒப்பீடு மிகவும் கொடியது. தோட்டம் பிரிந்தபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் இங்கே ஏராளம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்த கதை நாடறிந்தது. அந்தத் தலைமுறை அதைத் தாங்கியது என்பது பாதி உண்மை. தாங்காமல் போனவர்களைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை.

இதைவிட எளிய பேச்சு போதும். "ரெண்டு வாரமா நீ சரியா இல்லன்னு எனக்குத் தோணுது. என்னன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடவேண்டும். மௌனத்தை நிரப்ப வேண்டியதில்லை. அக்கா, தங்கச்சி என்று பழகும் பெண்களிடையே சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கும்போது வரும் பதில், ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் வராது. ஆண்கள் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காரில், மீன்பிடிக்கும் குளத்தங்கரையில், பேசிவிடுவார்கள்.

பலரும் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. சாகவேண்டும் என்று நினைக்கிறாயா என்று கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறோம். நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டியது. கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குச் சற்றுக் குறையவே செய்தது. ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கலாம். "செத்துரலாம்னு நெனப்பு வருதாடா?" என்று, குரலை உயர்த்தாமல், பதறாமல். ஆமாம் என்று பதில் வந்தால் அன்று அவரைத் தனியே விடக்கூடாது. எப்படி என்று அவர் யோசித்து வைத்திருந்தாலோ, இன்றே என்ற அவசரம் தெரிந்தாலோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகவேண்டும், அல்லது 999ஐ அழைக்கவேண்டும். பேச்சுத்துணைக்கு 1970 முதல் இயங்கிவரும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 இருக்கிறது. தமிழ் தெரிந்த தொண்டர்களும் அங்கே உண்டு. சுகாதார அமைச்சின் ஹீல் 15555, மகளிர் அமைச்சின் தாலியான் காசே 15999 ஆகியவையும் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டிய எண்கள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று அவர் கேட்கலாம். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யக்கூடாது. "ஊர் பூராச் சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உன் அண்ணனுக்கோ டாக்டருக்கோ சொல்லுவேன். உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. வீட்டு மானம் போய்விடும் என்ற பயம் நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமானது என்று நண்பருக்குத் தெரியும். கடைசியில் யாரிடம் சொல்வது என்பதையும் அவரோடு சேர்ந்தே முடிவுசெய்யலாம்.

இந்தப் பயத்துக்குச் சட்டமும் நெடுங்காலம் துணைபோனது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதித்தது. காலனி ஆட்சி வைத்துவிட்டுப் போன பிரிவு அது. இலங்கை அதை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இல் போனது. மலேசிய நாடாளுமன்றம் 2023இல் அதை நீக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்ற, அவ்வாண்டு செப்டம்பர் 11 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, உயிர் பிழைத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே குடும்பங்கள் அஞ்சின; போலீஸ் வரும், வழக்கு வரும், வேலை போகும். இன்று அந்த அச்சம் தேவையில்லை. கூடவே செய்த மனநலச் சட்டத் திருத்தம், தீயணைப்பு வீரர்களும் குடிமைத் தற்காப்புப் படையினரும் உட்பட நெருக்கடி நேரத்தில் தலையிட்டு ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக்கூடிய அதிகாரிகளின் பட்டியலை விரிவுபடுத்தியது. ஆனால் சட்டம் மாறியது தாமான்களுக்கும் எஞ்சியிருக்கும் லயங்களுக்கும் போய்ச்சேர்ந்திருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நண்பர் செய்யக்கூடிய எளிய காரியம், இதை நான்கு பேரிடம் சொல்வது.

கையெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாமல் பார்த்துக்கொள்வது உயிர்காக்கும் வேலைகளில் ஒன்று. தோட்டப்புறத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இலங்கையில் 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததால் இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. மலேசியாவும் பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. சாகவேண்டும் என்ற எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்கும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாத பொருள் அவரைக் காப்பாற்றுகிறது. கொட்டகையில் இருக்கும் மருந்துகளை எடுத்து வேறிடத்தில் பூட்டி வைப்பது, மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் கொடுப்பது எல்லாம் நண்பரும் குடும்பமும் சேர்ந்து செய்யவேண்டியவை.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. காத்து கருப்பு, செய்வினை என்று சாமியாடியிடமும் மலாய் மந்திரவாதியான போமோவிடமும் ஓடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். நம்பிக்கை வைத்தியம் என்ற பெயரில் மனிதர்களைக் கட்டிவைத்ததன் விளைவு அது. அதே ஏர்வாடியின் தர்காவில்தான் பின்னாளில் பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றாகக் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்களை உட்காரவைத்தார்கள். எனக்கு இந்த வழி பிடிக்கிறது. விளக்கேற்றப் போகும் நண்பரைத் தடுத்து அவருடைய ஒரே ஆறுதலைப் பிடுங்குவதில் நன்மை இல்லை. அவரோடு கோயிலுக்கும் போகலாம், கிளினிக்குக்கும் போகலாம். ஆனால் அடிப்பது, கட்டுவது, பட்டினி போடுவது, குடிக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வது என்று யார் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு அவரை அழைத்து வந்துவிடவேண்டும்.

குறிப்பாக, இல்லாத குரல் கேட்கிறது, யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று நண்பர் சொன்னால் அது மனச்சோர்வைவிட வேறான நிலை. அவரோடு வாதாடி வெல்ல முடியாது. "எனக்கு அது கேக்கல. ஆனா உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது" என்பது வரை சொல்லலாம். அப்படிப்பட்டவர்களைச் சீக்கிரம் மருத்துவரிடம் சேர்ப்பது எதிர்காலத்தையே மாற்றும். இங்கேதான் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயர் குறுக்கே வந்து நிற்கிறது. 1911இல் பேராக்கின் அந்த ஊரில் தொடங்கிய மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லி மலேசியர்கள் நூறாண்டாக ஒருவரையொருவர் கேலி செய்துவிட்டார்கள். அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர், தனக்கே நோய் வரும்போது மருத்துவமனை என்ற சொல்லுக்கே நடுங்குகிறார். நண்பர்கள் கூடும் இடத்தில் அந்தக் கேலி எழும்போது நிறுத்துவதும் துணை நிற்பதில் சேரும், யாருக்கு நோய் என்று அப்போது தெரியாவிட்டாலும்.

எங்கே கூட்டிப் போவது? முதலில் அரசு கிளினிக். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். மனநலப் பரிசோதனைக் கேள்வித்தாள் அங்கேயே உண்டு. தேவைப்பட்டால் சுங்கை பூலோ அல்லது கிள்ளான் மருத்துவமனை நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். வெட்கப்படுகிறவருக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய். அந்த நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் அதிகம். கையில் ஏற்கெனவே கிளினிக் அட்டை இருக்கிறது, மாதாமாதமோ மூன்று மாதத்துக்கொரு முறையோ போய்க்கொண்டுதான் இருக்கிறார். அன்று கூடப் போய், "டாக்டர், இவருக்குத் தூக்கமே இல்ல, சாப்பிடறதும் இல்ல" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஊர்க் கண்ணுக்கு அது சீனி பார்க்கப் போன பயணம்தான்.

மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும்; தொந்தரவு மட்டும் முதலிலேயே தெரியும். குமட்டல், தலைச்சுற்றல், அரைத்தூக்கம். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நண்பர் மிகவும் தேவைப்படும் வாரங்கள் இவை. பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்திலிருந்து சுங்கை பூலோவுக்குச் சொந்த வண்டி இல்லாமல் போய்வருவது ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும் பயணம். அறிவுரையைவிட அந்தக் காலையில் ஒரு கார் பெரிது.

கடனும் அப்படித்தான். வட்டி முதலைகளின் ஆட்கள் கேட்டில் வந்து நிற்கும்போது மனதைத் தளரவிடாதே என்பது வெறும் பேச்சு. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் 2006 முதல் செயல்படும் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே, திருப்பிச் செலுத்தும் திட்டத்தைக் கட்டணமில்லாமல் போட்டுத் தருகிறது. சட்டவிரோதக் கடனுக்கு அது உதவாது. காவல்துறையில் புகார் செய்யும்போது கூட நிற்க ஓர் ஆள் வேண்டும். நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு கை கொடுப்பதும் மனநல உதவிதான். வேலை இழந்து தேறிவருகிறவர்களுக்கு சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் வேலைக்குத் திரும்பவும் உதவுகின்றன.

இத்தனையும் ஒரே நண்பர் செய்தால் அவர் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுவார். இரவு இரண்டு மணிக்கு வரும் ஒவ்வோர் அழைப்பையும் எடுத்து, காலையில் வேலைக்குப் போய், வீட்டில் மனைவியிடம் எரிந்து விழும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. மூன்று பேர் பிரித்துக்கொள்ளவேண்டும்: ஒருவர் கிளினிக்குக்கு, ஒருவர் வாரத்தில் ஒரு மாலைக்கு, ஒருவர் வீட்டாரிடம் பேச. எல்லாம் செய்தும் நண்பரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகவேண்டியவர்களும் நாம்தான். நான் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்களையே தின்றுகொண்டிருப்பார்கள்.

இதில் கணக்கிலேயே வராத ஒரு கூட்டம் உண்டு. இந்த வட்டாரத்து உணவுக்கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்கள். நாள் முழுக்க நின்று வேலை, கடைக்கு மேலேயே படுக்கை, ஊரில் வாங்கிய கடன், வீட்டுக்குப் பேசும்போது மட்டும் சிரிப்பு. அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம், கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில். அவர்களுக்கு இந்த நாட்டில் அண்ணன், மச்சான் என்று யாரும் இல்லை. வாரம் தவறாமல் வரும் வாடிக்கையாளர்தான் இருக்கிறார். "தம்பி, முகம் வாடிக் கெடக்கே, ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்க அவரால் முடியும். பதில் சரியில்லை என்று பட்டால் தன் கைப்பேசியிலிருந்தே பெஃப்ரெண்டர்ஸுக்கு அழைத்துக் கொடுக்க முடியும், முதலாளியிடம் ஒரு நாள் விடுப்புக்கு வாதாட முடியும், அடுத்த வாரம் அதே கடைக்குப் போய் அதே கேள்வியை மறுபடியும் கேட்க முடியும்.